மதுராப் பாதமும் மாதக்கணக்கில் மருந்தும்

வெறுங்காலோடு காட்டிலும் வயலிலும் பாடுபடுபவர்களுக்கு வரும் நோய் இது. தைத்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துப் பாதம் கெட்டியாக வீங்கும். வலி பெரிதாக இராது. ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வருவதற்கு அதுவே காரணம். அதற்குள் வீக்கம் புரையோடி, பல வாய் திறந்து சீழ் கசியத் தொடங்கிவிடும். மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் 1842-இல் இதைப் பதிவு செய்தார். அதனால் மருத்துவ நூல்களில் மதுராப் பாதம் என்றே பெயர் ஏறியது. இன்று மைசெட்டோமா என்கிறார்கள்.

கட்டுத்துணியில் படிந்த சீழை உற்றுப் பார்த்தால் ரவை ரவையாகத் துகள்கள் தெரியும். ஒவ்வொன்றும் கிருமிகளின் குடியிருப்பு. கறுப்புத் துகள் என்றால் பூஞ்சை. சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளை இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். துகளை நசுக்கிச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் வைப்பார்கள். ஒரு மைக்ரான் அளவுக்கு மெலிந்த இழைகள் பாக்டீரியா, தடித்தவை பூஞ்சை. இங்கே தவறிவிட்டால் பின்னால் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் அத்தனையும் வீண். பூஞ்சையை அது தொடாது.

பாக்டீரியா வகைதான் என்று உறுதியானால் நம்பிக்கைக்கு நிறைய இடமுண்டு. காலை எடுக்க வேண்டிய நிலை அரிதாகவே வரும். ஆனால் மருந்து நீளும். நோகார்டியா, ஆக்டினோமதுரா போன்ற இந்தக் கிருமிகள் மெதுவாக வளர்பவை. துகளுக்குள் நெருங்கிக் கிடக்கும் அவற்றைச் சுற்றித் தசை நாராக இறுகிவிடுவதால் ரத்த ஓட்டம் குறைவு. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. எலும்புக்குள் புகுந்துவிட்டால் இன்னும் கடினம்.

மெக்சிகோவின் ஒலிவேரியோ வெல்ஷ் குழு 1987-இல் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது: 21 நாள் அமிகாசின் ஊசி, அதோடு 35 நாள் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. இது ஒரு சுற்று. தேவைக்கேற்பத் திரும்பவும் தருவார்கள். அமிகாசின் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது. ஆகவே ஊசியில்லாத இரண்டு வாரத்தில் கேட்கும் திறனையும் ரத்தத்தில் கிரியாட்டினினையும் சோதிப்பது கட்டாயம்.

எனக்குக் கவலை தருவது இடைக்காலம். சீழ் நின்று வீக்கம் வற்றியதும் தினக்கூலிக்காரர் வேலைக்குத் திரும்பிவிடுவார். மாத்திரை நின்றுபோகும், நோய் மறுபடி தலைதூக்கும். புரைகள் மூடி, துகள் வருவது நின்று, எக்ஸ்ரேயில் எலும்பு தேறியது தெரிந்த பிறகும் பல மருத்துவர்கள் சில மாதங்களுக்கு மாத்திரையைத் தொடரச் சொல்கிறார்கள்.