சி.என்.சி. பட்டறைக்குச் சாஃப்ட்வேர்: முதல் போடுமுன் கவனிக்க வேண்டியவை

மளிகைக் கடைக்கும் மரம் செதுக்கும் கம்ப்யூட்டர் இயந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம் உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. வாசற்கதவு, பூஜை அறைக் கதவு, ஜன்னல் கிராதி, கடைப் பெயர்ப்பலகை ஆகியவற்றைச் சி.என்.சி. இயந்திரத்தில் வெட்டிக் கொடுக்கும் சிறு பட்டறைகளை டெல்டா ஊர்களிலும் இன்று பார்க்கிறோம். மரக்கடையும் இரும்புக்கடையும் வைத்திருப்பவர்களுக்கு இது தொழிலின் அடுத்த படி. மளிகைக் கடைக்காரரின் பிள்ளை டிப்ளமா முடித்துவிட்டு, "அப்பா, ஒரு மிஷின் போடலாம்" என்று கேட்டால், முதல் வரப்போவது கடைக் கல்லாவிலிருந்துதான்.

மிஷின் விலையை நாலு இடத்தில் விசாரிக்கிறோம். மோட்டார் எத்தனை குதிரைசக்தி, மேஜை எத்தனை அடி என்று கேட்கிறோம். சாஃப்ட்வேர் என்று வரும்போது மட்டும், "அது மிஷினோடு வந்துவிடும்" என்ற பதிலோடு திருப்தி அடைந்துவிடுகிறோம். இயந்திரம் வந்து இறங்கிய பிறகு, வந்த சாஃப்ட்வேர் திருட்டுப் பிரதி என்றோ, வேலைக்குப் போதாது என்றோ தெரிந்தால், கடனுக்கு வட்டி ஓடும், மிஷின் ஓடாது.

எந்தச் சாஃப்ட்வேர் உயர்ந்தது என்பது இங்கே முதல் கேள்வி அல்ல. நமக்கு வரப்போகும் ஆர்டர் எது என்பதே முதல் கேள்வி. நாலு படி மாவு அரைக்க யாரும் ரைஸ் மில் வாங்குவதில்லை.

வேலை நடக்கும் மூன்று படிகள்

சி.என்.சி. பட்டறையில் ஒரு கதவு உருவாக மூன்று படிகள் உண்டு. முதலாவது, டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைவது. இரண்டாவது, அந்த டிசைனை வெட்ட எந்த பிட், எவ்வளவு ஆழத்தில், எந்த வழியில், எந்த வேகத்தில் போக வேண்டும் என்று பாதை போடுவது. இதைத்தான் டூல்பாத் என்கிறார்கள். மூன்றாவது, அந்தப் பாதையை ஜி-கோடு என்னும் கட்டளை வரிகளாக மாற்றி மிஷினின் கன்ட்ரோலருக்குக் கொடுப்பது.

வரையும் சாஃப்ட்வேர் எல்லாவற்றாலும் பாதை போட முடியாது. பாதை போடுவதும் நம் கன்ட்ரோலருக்குப் புரியும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். மாக்-3, ஜி.ஆர்.பி.எல்., கைப்பெட்டி வடிவில் வரும் டி.எஸ்.பி. கன்ட்ரோலர் என்று பல வகை இருக்கின்றன. கட்டளை எழுதும் முறை ஒவ்வொன்றுக்கும் சற்று மாறும். இடையில் மொழிபெயர்த்துக் கொடுக்கும் பகுதிக்கு 'போஸ்ட்' என்று பெயர். நம் கன்ட்ரோலருக்கான போஸ்ட் இல்லாத சாஃப்ட்வேர், எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் நமக்குப் பயன்படாது.

வேலையை முதலில் தரம் பிரியுங்கள்

1. தட்டை வேலை: ஜன்னல் கிராதி, ஜாலி, பலகை வெட்டுதல், துளை போடுதல். ஓரக்கோடும் ஆழமும் தெரிந்தால் போதும். இதற்கு இலவசச் சாஃப்ட்வேரே தாராளம். படம் வரைய இங்க்ஸ்கேப், அளவு வைத்து வரைய லிப்ரேகேட், வரைந்து பாதையும் போட ஃப்ரீகேட் ஆகியவை உள்ளன. 2002 முதல் வளர்ந்து வரும் ஃப்ரீகேட், 2024 நவம்பரில்தான் 1.0 என்ற பதிப்பை எட்டியது. இவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்தவும் தடை இல்லை.

2. எழுத்து வேலை: இது நம் வணிகர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடத்தில் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். ஆகவே தமிழ் எழுத்து சரியாக வராத சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு நம் ஊரில் பெயர்ப்பலகைத் தொழில் செய்ய முடியாது. தமிழுக்காகத் தயாரிக்கப்படாத சாஃப்ட்வேர் சிலவற்றில் 'பொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போய்விடும். வாங்குமுன் "பொன்னி மளிகைக் கடை" என்று தட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

தமிழ் சரியாக வராவிட்டாலும் வழி உண்டு. இங்க்ஸ்கேப்பில் யூனிகோடு எழுத்துருவில் பெயரைத் தட்டி, எழுத்தைக் கோடாக மாற்றும் கட்டளையைக் கொடுத்து, அந்தக் கோப்பைப் பாதை போடும் சாஃப்ட்வேருக்குள் கொண்டு போகலாம். எழுத்து படமாக மாறிவிடுவதால் பிறகு உடையாது. கூம்பு பிட்டால் எழுத்தைச் செதுக்குவதற்கு எஃப்-என்கிரேவ் என்ற இலவசச் சாஃப்ட்வேரும் இருக்கிறது. நோட்டோ, மீரா இனிமை போன்ற தமிழ் எழுத்துருக்கள் வியாபாரத்துக்கும் இலவசம்.

3. புடைப்பு வேலை: கதவில் பிள்ளையார், கஜலட்சுமி, மயில், கொடிக்கருக்கு என்று மேடு பள்ளமாகச் செதுக்குவது. கட்டளை இதில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆழம் சொல்ல வேண்டும். இலவசச் சாஃப்ட்வேரில் இதைச் செய்ய இயலாது என்பதில்லை. ஆனால் பழகக் காலம் பிடிக்கும். நாள்தோறும் புடைப்புக் கதவு வெட்டும் பட்டறைக்குக் காசு கொடுத்து வாங்குவதே மிச்சம். பிரிட்டனைச் சேர்ந்த வெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆஸ்பயர் இத்தகையது. ஒரு முறை கொடுக்கும் விலை ஏறத்தாழ 2,000 டாலர். அதே நிறுவனத்தின் வி-கார்வ் டெஸ்க்டாப் சில நூறு டாலரில் கிடைக்கிறது. ஆனால் அதில் ஒரு வேலையின் அளவு 25 அங்குலச் சதுரத்துக்குள் அடங்க வேண்டும். ஏழடிக் கதவைத் துண்டு துண்டாகத்தான் வெட்ட வேண்டியிருக்கும். விலையை மட்டும் பார்த்து இதை வாங்கிவிட்டு, 8 அடி மேஜை மிஷினின் முன் கையைப் பிசைந்து நிற்கக் கூடாது.

மூன்று வகை 'இலவசம்'

'இலவசம்' என்ற சொல் சாஃப்ட்வேர் கடையில் மூன்று பொருளில் வழங்குகிறது. மூன்றையும் பிரித்தறிவது அவசியம்.

முதல் வகை உண்மையான இலவசம். மேலே சொன்ன இங்க்ஸ்கேப், ஃப்ரீகேட் போன்றவை. யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

இரண்டாம் வகை நிபந்தனை இலவசம். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃப்யூஷன் சாஃப்ட்வேருக்குச் சொந்த உபயோகத்துக்கான இலவசப் பதிப்பு உண்டு. வீட்டில் பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கானது அது. கூலிக்குக் கதவு வெட்டும் பட்டறை அதைப் பயன்படுத்துவது நிபந்தனைக்கு விரோதம். பிள்ளை கற்றுக்கொள்ள அதை வைத்துக்கொள்ளலாம். பில் போடும் வேலைக்குக் கூடாது.

மூன்றாம் வகை திருட்டு இலவசம். பென் டிரைவில் பூட்டு உடைத்த பிரதி. மரச்செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்ற ஆர்ட்கேம் சாஃப்ட்வேரை, அதைத் தயாரித்த டெல்கேம் நிறுவனத்தோடு சேர்த்து 2014-ல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2018-ல் அதன் விற்பனையை நிறுத்தியது. அதன் வழிவந்தது இப்போது கார்வ்கோ என்ற பெயரில் வேறொரு நிறுவனத்தால் விற்கப்படுகிறது. ஆகவே இன்று யாராவது, "ஆர்ட்கேம் புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்றால், அது எப்படிப்பட்ட சரக்கு என்று உறுப்பினர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-பி பிரிவு, 1994-ம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவருக்கு 7 நாளுக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000-க்குக் குறையாமல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்க அது வழி செய்கிறது. லாப நோக்கமோ வியாபாரமோ இல்லாமல் பயன்படுத்தியவருக்கு நீதிமன்றம் சலுகை காட்டலாம். கூலிக்கு வெட்டும் பட்டறைக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. முத்திரை இல்லாத எடைக்கல்லை நாம் கடையில் வைப்பதில்லை. இதையும் அந்தக் கணக்கில் வைக்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, பூட்டு உடைத்த பிரதியோடு வைரஸும் வந்து டிசைன் கோப்புகள் அனைத்தும் அழிந்து போனால், கேட்க ஆளில்லை.

ஒரே விலையா, மாதச் சந்தாவா?

சில சாஃப்ட்வேருக்கு ஒரே தடவை விலை. சிலவற்றுக்கு மாதம் அல்லது வருடச் சந்தா. எது லாபம் என்பது ஊருக்கு ஊர் மாறும். நம் பகுதியில் பணப்புழக்கம் நெல்லோடு போகிறது. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் கையில் காசு வரும்போது வீட்டு வேலையும் கதவு ஆர்டரும் சூடுபிடிக்கும். ஆடி, மார்கழியில் கிரகப்பிரவேசம் இல்லை. மேட்டூர் தண்ணீர் தாமதமான வருடத்தில் கட்டட வேலையே மந்தம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு சாஃப்ட்வேரின் ஒரே விலை ரூ.60,000 என்றும், இன்னொன்றின் மாதச் சந்தா ரூ.4,000 என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று வருடம், அதாவது 36 மாதமும் சந்தா கட்டினால் ரூ.1,44,000 ஆகிவிடும். வேலை மிகுந்த 5 மாதம் மட்டும் வருடந்தோறும் கட்டினால் 15 மாதத்துக்கு ரூ.60,000, இரண்டும் சமம். ஆக, வருடத்தில் 5 மாதத்துக்கு மேல் வேலை இருக்கும் என்றால் ஒரே விலைதான் நலம். தொழில் நிலைக்குமா என்று பார்க்கும் முதல் வருடத்துக்கு, இடையில் நிறுத்தி மீண்டும் தொடரக்கூடிய மாதச் சந்தா நலம். நிறுத்திய மாதத்தில் பழைய கோப்பைத் திறக்க முடியுமா என்பதையும் கேட்டு வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். சில சாஃப்ட்வேர் இடையிடையே இணையத்தில் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும். ஃப்யூஷன் இணையமின்றி இரண்டு வாரம்தான் ஓடும். 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பின் நம் பகுதி எத்தனை நாள் இருளில் கிடந்தது என்பதை யாரும் மறக்கவில்லை. ஜெனரேட்டர் வைத்து மிஷினை ஓட்டலாம். இணையம் இல்லை என்று சாஃப்ட்வேர் கதவைச் சாத்தினால் என்ன செய்வது? டிசைன் கோப்புகளின் ஒரு பிரதி எப்போதும் பட்டறையிலேயே இருக்கட்டும்.

பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை

1. வரக்கூடிய பத்து ஆர்டர்களைத் தாளில் எழுதி, தட்டை, எழுத்து, புடைப்பு என்று பிரிக்கவும். புடைப்பு இரண்டு மூன்றுக்கு மேல் இல்லையென்றால், இலவசச் சாஃப்ட்வேரில் தொடங்கி, புடைப்பு வேலையின் கோப்பை மட்டும் வெளியில் கூலி கொடுத்துத் தயாரித்துக்கொள்ளலாம்.

2. கன்ட்ரோலரின் பெயரையும் மாடலையும் குறித்துக்கொண்டு, அதற்குரிய போஸ்ட் இருக்கிறதா என்று எழுத்து மூலம் கேட்கவும்.

3. சோதனைப் பதிப்பை வாங்கி ஓட்டிப் பார்க்கவும். வெக்ட்ரிக் சோதனைப் பதிப்பில் நம் சொந்த டிசைனின் பாதையைச் சேமிக்க முடியாது. அவர்கள் கொடுக்கும் மாதிரிக் கோப்புகளைச் சேமித்து வெட்டிப் பார்க்கலாம். நம் மிஷினுக்கு ஒத்துவருமா என்று அறிய அது போதும். முதல் வெட்டு தேக்கில் வேண்டாம், வேப்பம்பலகைத் துண்டில் ஆகட்டும்.

4. உரிமம் யார் பெயரில், எத்தனை கம்ப்யூட்டருக்கு, கம்ப்யூட்டர் பழுதானால் வேறொன்றுக்கு மாற்றலாமா என்று கேட்கவும். மிஷின் விற்பவர் சாஃப்ட்வேரும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால், உரிமம் நம் பெயரில் வரவேண்டும் என்றும், பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்றும் வற்புறுத்தவும்.

5. வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால் திட்ட அறிக்கையிலேயே சாஃப்ட்வேர் விலையைச் சேர்க்கவும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாகப் பணம் கட்டினால் ஜி.எஸ்.டி. எப்படி என்பதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்கவும்.

6. பழகும் காலத்தையும் செலவாகக் கணக்கிடவும். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் இங்க்ஸ்கேப் போன்றவற்றுக்குத் தமிழிலேயே இலவசப் பாடங்கள் உள்ளன. மிஷினுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே பிள்ளையை ஒரு மாதம் அதில் உட்காரச் சொல்லலாம். கோடு வரையப் பொறுமை இருக்கிறதா என்பது ஒரு ரூபாய் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

நெல் வாங்கும்போது மூட்டையைக் குத்திப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். கண்ணுக்குத் தெரியாத சரக்கு என்பதற்காகச் சாஃப்ட்வேருக்கு மட்டும் அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். ஆர்டரைப் பார்த்து, கன்ட்ரோலரைப் பார்த்து, பிறகு விலையைப் பார்த்து வாங்கினால், கல்லாவிலிருந்து போன காசு கதவாகித் திரும்பி வரும்.