ஊசி உருளையும் முகத்தின் தோலும்



என் இடக்கையின் மேற்புறத்தில் பழைய நாலணா அளவில் ஒரு தழும்பு உண்டு. என் வயதினர் பலரிடமும் அதனைக் காணலாம். பெரியம்மையைத் தடுப்பதற்காக அந்நாளில் தோலின்மேல் அம்மைப்பாலை இட்டு, பற்களையுடைய சிறு வட்டக் கருவியொன்றை அதன்மேல் அழுத்தித் திருகுவர். ‘அம்மை குத்துதல்’ என்பது அதற்கு மக்கள் இட்ட பெயர். கிண்டியிலுள்ள கிங் நிலையம் அந்த அம்மைப்பாலைத் தயாரித்து வந்தது. கருவியின் பற்கள் தோலைச் சிதைத்தன. உட்புகுந்த பால் அங்கே புண்ணை உண்டாக்கியது. இரண்டும் கூடித் தழும்பாயின. கொடிய நோயைத் தடுக்க அது தகுந்த விலையே.

தோலில் ஊசி இறங்கும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எவ்வளவு ஆழம் இறங்குகிறது? அதனோடு உள்ளே செல்வது யாது? இன்று இளைஞர் பலர் வாங்கி முகத்தில் உருட்டிக்கொள்ளும் ஊசி உருளைக்கும் இவ்விரு கேள்விகளே பொருந்தும். ‘டெர்மா ரோலர்’ என்று விற்கப்படும் இக்கருவி, கைப்பிடியின் நுனியில் சுழலும் ஒரு சிறு உருளை. மருத்துவர் கையாளும் வகையில் எட்டு வரிசைகளாக 192 நுண்ணூசிகள் இருக்கும். ஒரே இடத்தில் பதினைந்து முறை உருட்டினால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 250 துளைகள் விழும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்து அறுவை மருத்துவர் டெஸ்மண்ட் பெர்னாண்டஸ் என்பார் 1990களில் இம்முறையை வளர்த்தார்.

தோலின் அமைப்பைச் சற்றே காண்போம். மேல்தோல் முகத்தில் ஏறத்தாழ 0.1 மி.மீ. கனமே உடையது. அதன் மேற்புறத்தில் இறந்த உயிரணுக்களாலான மெல்லிய படலம் ஒன்று சுவர் போல நின்று கிருமிகளைத் தடுக்கிறது. மேல்தோலுக்கு அடியில் உள்தோல். இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொலாஜன் என்னும் புரத நார்களும் அங்கே உள்ளன. உள்தோலில் ஊசி பட்டால் உடல் அதனைக் காயமென்று கொண்டு புதிய நார்களை நெய்யத் தொடங்கும். பருக்கள் விட்டுச்சென்ற பள்ளத் தழும்புகள் மேடாவது இதனாலேயே. 2009-ஆம் ஆண்டில் ஸ்ரீநகர் மருத்துவர் ஒருவர் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையை முடித்த 36 பேரில் 34 பேருக்குத் தழும்பின் கடுமை குறைந்தது. ஆனால் அது மருத்துவர் கையால், தோலை மரக்கச் செய்து, பலமுறை அமர்த்திச் செய்த சிகிச்சை என்பதை மறத்தல் ஆகாது.

வீட்டில் பயன்படுத்தத் தக்கது 0.2 முதல் 0.25 மி.மீ. வரையிலான ஊசியே. அழுத்தும்போது தோல் குழிந்து கொடுப்பதால் அந்நீளமும் முழுவதும் இறங்குவதில்லை. இச்சிறு ஊசி பள்ளத் தழும்பை அகற்றாது. இதனை ஒளிக்காமற் சொல்லிவிடுதல் நன்று. இதை அறியாதோர் ஏமாற்றமடைந்து 1 மி.மீ., 1.5 மி.மீ. ஊசிகளைத் தருவித்துத் தாமே அழுத்தி உருட்டுகின்றனர். நம்மவரின் கருமை, மாநிறத் தோலில் காயம்பட்ட இடம் மேலும் கறுத்துத் திட்டாக மாறுவது இயல்பு. தழும்பைப் போக்கப் புகுந்தவர் புதிய கறையைச் சம்பாதித்துக்கொள்வர். காது குத்திய இடத்தில் சதை தடித்து வளர்ந்தவர்கள் இக்கருவியைத் தொடவே வேண்டா.

முகத்தில் சீழ்ப்பரு, மரு, படர்தாமரை, வாய்ப்புண் அக்கி ஆகியவை இருக்கும்போது உருட்டினால், உருளையே அவற்றை முகமெங்கும் நட்டுவிடும். வெண்புள்ளியோ காளாஞ்சகப்படையோ உடையவர்களுக்குக் காயம்பட்ட கோட்டிலேயே அந்நோய் புதிதாகத் தோன்றக் கூடும். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே கோப்னர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதனைக் கண்டு கூறினார். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போரும், நீரிழிவு கட்டுப்படாதோரும், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் தொடங்குதல் கூடாது.

செய்முறை எளிது. கையையும் முகத்தையும் கழுவுக. உருளையை 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் ஊறவைத்து உலர விடுக. கொதிநீரில் இட்டால் பிளாஸ்டிக்கும் பசையும் தளர்ந்து ஊசி கழலும். தன் எடையிலேயே உருளும்படி மெல்ல உருட்டி, திசை மாற்றும்போது தூக்கி எடுத்து வைத்தல் வேண்டும். அப்படியே திருப்பினால் ஊசி தோலைக் கீறும். இமையும் உதடும் விலக்கு. இலேசான சிவப்பு போதும். இரத்தம் கசிந்தால் அளவு மீறியதென்று நிறுத்துக. வாரத்திற்கு ஒரு முறைக்கு மேல் வேண்டா. எலுமிச்சைச் சாறு, மஞ்சள், வெளுப்புக் களிம்பு எதுவும் அன்று பூசலாகாது. துளைபட்ட தோலில் வைட்டமின் சி கலந்த பூச்சைத் தடவியதால் முகத்தில் கட்டிகள் எழுந்த செய்தியை 2014-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்று வெளியிட்டது. மறுநாள் முதல் வெயிலுக்குக் குடையும் காப்புக் களிம்பும் தேவை.

இனி, நான் மிகுதியும் கவலுறும் செய்திக்கு வருகிறேன். எங்கள் வாலாஜாபாத்திலும் சுற்றுப்புறத்திலும் ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இளைஞர்களும் பெண்களும் அறை எடுத்துத் தங்குகின்றனர். ஓர் அறையில் நால்வர். கண்ணாடி ஒன்று, சீப்பு ஒன்று. உருளையும் ஒன்றானால் என் செய்வது? முடிதிருத்தும் கடையில் புதிய பிளேடு போடும்படி கேட்கும் பிள்ளைகளே இதனைக் கைமாற்றுகின்றனர். ஊசிகளின் அடியில் உலர்ந்த இரத்தத்தை ஆல்கஹால் முழுதும் போக்கும் என்று நம்ப இயலாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில், ஒருமுறையே பயன்படுத்தத் தக்க கருவிகளை மீண்டும் பயன்படுத்தினர். அங்கே ஊசியும் இரத்தக்கூறும் கொண்டு முகச் சிகிச்சை பெற்ற பெண்கள் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றிய செய்தி 2024-ஆம் ஆண்டு அரசு அறிக்கையில் வெளிவந்தது. உடன்பிறந்தாளேயாயினும், உயிர்த்தோழனேயாயினும், உருளையை இரவல் கொடுத்தல் ஆகாது.

பள்ளத் தழும்பு உடையவர்கள் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்லலாம். எங்களூரிலிருந்து பேருந்தும் இரயிலும் உண்டு. ஊசி வளைந்த அல்லது மழுங்கிய உருளையைக் குப்பையில் அப்படியே எறியாதீர். கனத்த பிளாஸ்டிக் புட்டியில் இட்டு மூடியை இறுக்கி, மேலே ‘ஊசி’ என்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். அவர் குப்பையைக் கையால் பிரிக்கிறார்.