கடிகாரமும் களைப்பும்

நான் இயந்திரப் பொறியியல் பயின்ற நாளில் என்னைத் தொழிற்சாலையொன்றுக்கு அனுப்பினர். லேத்தில் ஓர் உருப்படியைக் கடைந்து முடிக்க எத்தனை வினாடி ஆகிறதெனக் குறிப்பதே என் பணி. காலையில் எடுத்த கணக்கு மாலையில் பொய்த்தது. இயந்திரத்தின் வேகம் மாறவில்லை. தரையில் கிடந்த இரும்புத் துண்டுகளை எடுக்கக் குனிந்து குனிந்து தொழிலாளியின் முதுகு சோர்ந்திருந்தது.

இத்தகைய சோர்வை ஆராய்வதும் தொழிலகப் பொறியியலே. கொத்து வேலை கற்று ஆராய்ச்சியாளரான அமெரிக்கர் பிராங்க் கில்பிரெத், ஒரு செங்கல்லை வைக்கக் கொத்தர் 18 அசைவுகள் செய்வதைக் கண்டார். கல்லும் சாந்தும் குனியாமல் எடுக்கும் உயரத்தில் இருக்குமாறு சாரம் அமைத்து, அவற்றை 5 ஆகக் குறைத்தார். 1924இல் அவர் மறைந்தார். உளவியல் கற்ற அவர்தம் துணைவியார் லில்லியன் அப்பணியைத் தொடர்ந்து, 1935இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பன்னிரு பிள்ளைகளைப் பெற்ற அவ்வம்மையாருக்குக் களைப்பைப் பற்றி எவரும் பாடம் நடத்தியிருக்க வேண்டியதில்லை!

மறுநாள் துண்டுகளை இடுப்புயர மேசையில் அடுக்கச் செய்தேன். மாலைக் கணக்கு காலைக் கணக்கை நெருங்கியது. “இனி உருப்படிகளை அதிகமாகக் கேட்பார்களோ, தம்பி?” என்றார் அத்தொழிலாளி. நிர்வாகியிடம் ஏட்டைக் கொடுக்குமுன் நெடுநேரம் தயங்கி நின்றேன்.