நீலமணியின் நிறம் எங்கே உறைகிறது?

ஈச்சிலம்பற்றுப் பகுதியின் கடற்கரையில் நின்று, கடலின் நிறம் யாது என்று வினவினால், ஒரே விடை கிடைப்பதில்லை. கரையோரத்தில் ஆழங்குறைந்த நீர் பசுமை கலந்த தெளிவோடு தோன்றும். அப்பால் ஆழ்ந்த இடம் நீலமாய் விரியும். முகில் மூடினால் சாம்பல் நிறம். ஞாயிறு மறைந்தால் கருமை. நீர் ஒன்றே, ஆழமும் ஒளியும் மாற, நிறமும் மாறுகின்றது. நம் நாட்டின் பெயரை உலகெங்கும் பரப்பிய நீலக்கல்லின் இயல்பும் ஏறத்தாழ இத்தகையதே.

நம்மவர் இல்லங்களில் நீலம் அச்சத்தோடு கூடிய மதிப்பைப் பெற்ற கல்லாகும். அது சனி பகவானுக்கு உரியது என்பதால், மூன்று இரவுகள் தலையணையின் கீழ் வைத்துப் பார்த்து, தீய கனவு ஏதும் வாராதிருந்தால் மட்டுமே மோதிரத்தில் பதிப்போர் பலர். இவ்வளவு ஆராய்வோரும், கடையின் விளக்கொளியில் ஒரேயொரு முறை கண்டமாத்திரத்தில், பல்லாண்டுச் சேமிப்பை எண்ணிக் கொடுத்துவிடுகின்றனர். வீட்டிற்கு வந்தபின் கல் கறுத்தோ வெளுத்தோ தோன்றினால், வணிகன்மேல் ஐயம் எழுகின்றது. அன்றேல், ‘கல் நமக்கு ஒத்துவரவில்லை’ என்று விதியின்மேல் பழி விழுகின்றது. கல்லோ, கடையில் இருந்தபடியேதான் இருக்கின்றது. அதன்மேல் விழும் ஒளியே மாறியிருக்கின்றது.

குருந்தமும் கருமணலும்

நீலமும் மாணிக்கமும் ஒரே கனிப்பொருளின் இரு வடிவங்கள். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்து உருவாகிய அப்பொருளை மேல்நாட்டார் ‘கொரண்டம்’ என்பர். அச்சொல் நமது ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து சென்றதே என்பதை மாணவர்கள் அறிந்து மகிழலாம். தூய குருந்தத்திற்கு நிறமில்லை. குரோமியம் சிறிதளவு கலந்தால் அது சிவந்து மாணிக்கமாகின்றது; இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமாகின்றது.

இவ்விரு உலோகங்களும் திருகோணமலை மாவட்டத்திற்குப் புதியன அல்ல. புல்மோட்டைக் கரையில் அள்ளப்படும் கருமணலில் மிகுந்துள்ள இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் ஒட்சிசனோடு கூடியதொரு பொருளே. கடற்கரையில் கரிய மணலாய்க் கிடக்கும் அதே இரு உலோகங்கள், மிக நுண்ணிய அளவில் குருந்தத்தினுள் அருகருகே அமரும்போது, செந்நிற, மஞ்சள்நிற ஒளியை விழுங்கி, நீல ஒளியைச் செல்லவிடுகின்றன. இயற்கையின் விந்தையை என்னென்பது!

தீட்டுவோன் திறன்

இரத்தினபுரிப் பகுதியில், குழிகளின் அடியிலுள்ள பரற்படையை அள்ளி அரித்து எடுக்கப்படும் கல், அந்நிலையில் அழகற்றது. பட்டை தீட்டுவோன் கையிலே அது மூன்று சோதனைகளைச் சந்திக்கின்றது.

முதலாவது திசை. நீலக்கல்லை ஓர் அச்சின் வழியே நோக்கினால் ஊதா கலந்த செழுநீலம் தோன்றும். அதற்குக் குறுக்கே நோக்கினால் பசுமை கலந்த நீலம் தோன்றும். செழுநீலம் மேல்முகத்தில் விளங்குமாறு வெட்டுவதே சிறப்பு. ஆயின், நம் நாட்டுக் கற்களிற் பல, இருமுனையும் கூம்பி நீண்டவை. நல்ல நிறத்துக்காகக் குறுக்கே வெட்டினால் கல் சிறுக்கும். நீளவாட்டில் வெட்டினால் எடை மிஞ்சும்.

இரண்டாவது நிறத்தின் இருப்பிடம். இலங்கைக் கற்களில் நீலம் எங்கும் ஒருசீராய்ப் பரந்திருப்பதில்லை. ஒரு மூலையில் மட்டும் திரண்டிருப்பதுண்டு. கைதேர்ந்தவன் அத்துளி நிறத்தைக் கல்லின் அடிமுனையில் நிறுத்துவான். அங்கிருந்து தெறிக்கும் ஒளி கல் முழுவதையும் நீலமாக்கிக் காட்டும். அதே கல்லைப் பக்கவாட்டில் நோக்கினால் பெரும்பகுதி வெண்மையாயிருக்கும். இது வஞ்சகமன்று, தொழில் நுட்பம். இத்தகைய கல்லை, அழகுபடுத்தும் ஆசையால், விவரம் அறியாதவரிடம் மீண்டும் தீட்டக் கொடுத்தால், அடிமுனையோடு நிறமும் தேய்ந்து போகும்.

மூன்றாவது அடிப்பக்கத்தின் சரிவு. குருந்தத்தினுள் புகுந்த ஒளி, அடித்தளத்தில் 34 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் பட்டாலன்றி முழுவதும் திரும்பி வாராது. ஆதலின் அடிப்பட்டைகளை ஏறத்தாழ 40 பாகைச் சரிவிலோ சற்று மிகுதியாகவோ அமைப்பர். சரிவு குறைந்தால் ஒளி அடிவழியே ஒழுகி, கல்லின் நடுவே சாளரம் திறந்தாற்போல வெளிறிய இடம் தோன்றும். சரிவு மிகுந்தால் ஒளி பக்கங்களால் வெளியேறி, கரிய திட்டுக்கள் தோன்றும்.

இம்மூன்றிலும் ஓர் அறப்போராட்டம் இருக்கின்றது. கல்லின் விலை காரட் கணக்கில் எடைக்கு ஏற்ப அமைவது. ஒரு காரட் என்பது கிராமில் ஐந்திலொரு பங்கு. எடையைக் காக்க வேண்டி, அடிவயிறு பருத்த வடிவிலேயே கல்லை விட்டுவிடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மோதிரத்தினுள் மறைந்துபோகும் அவ்வயிற்றின் எடைக்கும் வாங்குவோரே விலை தருகின்றனர்.

விளக்கின் விளையாட்டு

நீலக்கல் நீல ஒளியைப் படைப்பதில்லை. வரும் ஒளியிலுள்ள நீலத்தையே அது நமக்குத் தருகின்றது. பழைய மஞ்சள் மின்குமிழின் ஒளியில் செம்மையும் மஞ்சளும் மிகுதி, நீலமோ குறைவு. எனவே அவ்வொளியில் கருநீலக் கல் மைக்கட்டி போலாகும். சில கற்கள் ஊதாவாகவே மாறித் தோன்றும். நீலம் மிகுந்த வெண்ணிற மின்விளக்கின் கீழே, சாதாரணக் கல்லும் செழித்து நிற்கும். நேர் வெயிலில் மினுமினுப்பு மிகுந்து குறைகளை மறைக்கும். ஆகையால், வெயில் படாத நிழலில், தெளிந்த பகல் வானத்தின் ஒளியில் கல்லைப் பார்ப்பதே அறிந்தோர் வழக்கம்.

நட்சத்திர நீலத்திற்கு விதி வேறு. அதனுள் நுண்ணிய ஊசிகள் மூன்று திசைகளில் அடுக்கப்பட்டிருக்கும். பட்டைகள் இன்றிக் குமிழ்வடிவில், சரியான திசையில் தீட்டி, ஒற்றை விளக்கின் கீழ்ப் பிடித்தால் ஆறு கதிர்கள் எழும். மப்பு வானத்தின் கீழ் அக்கதிர்கள் மங்கி மறையும். நியூயோர்க் நகரிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையில் 1964 ஆம் ஆண்டிற் களவு போய், அடுத்த ஆண்டில் மீட்கப்பட்ட 563 காரட் ‘இந்திய நட்சத்திரம்’ இவ்வகையினது. பெயர் இந்தியாவினுடையதாயினும், கல் இலங்கையினது என்பர்.

வாங்குவோர் கவனிக்க

கல்லை மூன்று ஒளிகளில் பாருங்கள்: காலை ஒன்பது, பத்து மணியளவில் நிழலில் ஒரு முறை, வெண்ணிற விளக்கின் கீழ் ஒரு முறை, மஞ்சள் விளக்கின் கீழ் ஒரு முறை. மூன்றிலும் நீலமாய் நிற்பதே மேலானது. பின்னர் இப்பத்திரிகையைப் போன்ற அச்சிட்ட தாளின்மீது கல்லை முகம் மேலாக வைத்து நோக்குங்கள். எழுத்துக்கள் கல்லினூடே தெளிவாய்த் தெரிந்தால், வெட்டு ஆழமற்றது என்று அறியலாம். வெண்தாளின்மேல் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், நிறம் எங்கே தங்கியிருக்கின்றது என்பது புலனாகும்.

இவை அழகை அளக்கும் சோதனைகளேயன்றி, மெய்யையும் போலியையும் பிரிப்பவை அல்ல. உலையில் செய்யப்படும் குருந்தமும் இதே இரும்பாலும் டைட்டானியத்தாலும் நீலம் பெறுவதால், வெறுங்கண் அதனிடம் ஏமாறும். அதற்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடம் போன்ற இடங்களை நாடுதலே தக்கது.

தலையணைச் சோதனையைக் கைவிடுமாறு எவரையும் யான் வற்புறுத்தவில்லை. மூன்று இரவுகள் கல்லை வைத்துப் பார்க்கும் பொறுமையுடையோர், மூன்று ஒளிகளிலும் அதனைக் கையில் எடுத்துப் பார்ப்பாராக. அதையும் பணத்தை எண்ணிக் கொடுக்கு முன்னரே செய்வாராக.