அட்மின் கேட்கிற ஆப்: மேனிஃபெஸ்ட்ல அந்த ஒரு வரி

(எபிசோடின் ஒலிப்பதிவை வாசிப்பதற்கு ஏற்பத் திருத்திய எழுத்து வடிவம்)

நீங்க விண்டோஸ்ல ஒரு சாஃப்ட்வேரை டபுள் கிளிக் பண்றீங்க. ஸ்கிரீன் மங்கலாகுது. நடுவுல ஒரு பெட்டி வந்து நிக்குது: "இந்த ஆப் உங்க கம்ப்யூட்டர்ல மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீங்களா?" நாம என்ன பண்றோம்? படிக்காமலே "யெஸ்". பஸ்ல டிக்கெட் வாங்குற வேகத்துல யெஸ்.

அந்தப் பெட்டி வரணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது யாரு? பல நேரம் அந்த சாஃப்ட்வேரை எழுதின ஆளு. அதுவும் ஒரே ஒரு வரியில. அந்த ஒரு வரியைப் பத்திதான் இன்னைக்கு எபிசோடு. அதை நான் புத்தகத்துல படிச்சுக் கத்துக்கல. தூத்துக்குடியில ஒரு கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டதுல கத்துக்கிட்டேன். தவறவிட்டது என்னாலதான்.

கப்பல்ல இருந்து வந்த வார்த்தை

அந்த வரி இருக்கிற ஃபைலுக்குப் பேரு மேனிஃபெஸ்ட். துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இது புது வார்த்தை இல்ல. வெளிநாட்டுச் சரக்கோட ஒரு கப்பல் வ.உ.சி. துறைமுகத்துக்கு வருதுன்னா, உள்ள என்னென்ன இருக்குன்னு பட்டியலை முன்கூட்டியே கஸ்டம்ஸ்கிட்ட கொடுத்துடணும். 1962-ஆம் வருஷ சுங்கச் சட்டத்தோட 30-ஆவது பிரிவு அதைத்தான் சொல்லுது. வரி கட்ட வேண்டிய சரக்கு ஒண்ணு பட்டியல்ல இல்லாம கப்பல்ல இருந்தா, அதைப் பறிமுதல் பண்ணவும் சட்டத்துல இடம் இருக்கு.

அதாவது, வந்து நின்னுட்டு அப்புறம் சொல்றது இல்ல. வர்றதுக்கு முன்னாடியே சொல்லணும். சொன்னதும் உள்ள இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும்.

உங்க போன்லயும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு ஆப் ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு மேனிஃபெஸ்ட் இருக்கு. கேமரா வேணும், லொகேஷன் வேணும்னு அதுல எழுதியிருக்கணும். டார்ச் லைட் ஆப் எதுக்கு கான்டாக்ட் லிஸ்ட் கேக்குதுன்னு நமக்கு இப்போ சந்தேகப்படத் தெரியுது. ஆனா கம்ப்யூட்டர்ல, கணக்கு சாஃப்ட்வேர் எதுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கேக்குதுன்னு யாரும் கேக்கிறது இல்ல.

காலையில மாத்தினது சாயங்காலம் காணோம்

என் கதைக்கு வர்றேன். சில வருஷம் முன்னாடி, துறைமுகத்துக்கு சரக்கு அனுப்புறவங்களுக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கிற ஒரு சின்ன ஆபீஸ். அங்க ஒரு பழைய அப்ளிகேஷன் இருந்துச்சு, விபி6-ல எழுதினது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதுலதான் போடுவாங்க. டேட்டா எல்லாம் ஒரு ஆக்சஸ் ஃபைல்ல. அந்த ஃபைல் இருந்த இடம் ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர். அந்த அப்ளிகேஷனைப் பாத்துக்கிற வேலை என்கிட்ட வந்துச்சு. பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் புது விண்டோஸ் போட்டேன், அப்ளிகேஷனை ஏத்தினேன், திறந்து பாத்தேன். ஓடுச்சு. கிளம்பிட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர்ல ரெண்டு பேருக்கு ரெண்டு லாகின். காலையில ஒரு அண்ணாச்சி, மதியத்துக்கு மேல ஒரு அக்கா. உலர் மலர் ஏற்றுமதி ஒண்ணு. வாங்குறவர் கடைசி நேரத்துல பெட்டி எண்ணிக்கையை மாத்திட்டார். அண்ணாச்சி காலையில உக்காந்து எண்ணிக்கை, எடை எல்லாத்தையும் திருத்திட்டுப் போயிட்டார். சாயங்காலம் அக்கா லாகின் பண்ணி பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் எடுத்தாங்க. அதுல பழைய எண்ணிக்கையே இருந்துச்சு. பேப்பர்ல ஒண்ணு, கன்டெய்னர்ல ஒண்ணு. அதைச் சரிபண்ணி முடிக்கிறதுக்குள்ள கட்-ஆஃப் நேரம் தாண்டிப் போச்சு. கப்பல் போயிடுச்சு.

மறுநாள் ஆபீஸ்ல ஒரே சத்தம். "நான் காலையிலேயே மாத்திட்டம்லா" அப்படிங்கிறார் அண்ணாச்சி. "மாத்தியிருந்தா எனக்கு ஏன் தெரியல அண்ணாச்சி?" அப்படிங்கிறாங்க அக்கா. ரெண்டு பேரும் பொய் சொல்லல. அவர் லாகின்ல திறந்தா புது எண்ணிக்கை. அவங்க லாகின்ல திறந்தா பழசு. ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஃபைல் பேரு. முதலாளி என்னைப் பார்க்கிறார்: "ஏ தம்பி, என்னல இது?"

விண்டோஸ் பண்ணின உதவி

நடந்தது இதுதான். எக்ஸ்பி காலத்துல பெரும்பாலான பேர் அட்மினாத்தான் லாகின் பண்ணுவாங்க. அதனால டெவலப்பர்களும் எங்க வேணும்னாலும் எழுதலாம்னு பழகிட்டாங்க. 2007-ல விஸ்டா கடைக்கு வந்தப்போ மைக்ரோசாஃப்ட் யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோலைக் கொண்டு வந்துச்சு. அதுக்கப்புறம் நீங்க அட்மினாவே இருந்தாலும், நீங்க திறக்கிற சாஃப்ட்வேர் சாதாரண யூசரோட உரிமையிலதான் ஓடும். முழு உரிமை வேணும்னா அந்தப் பெட்டி வந்து உங்ககிட்ட கேக்கும்.

சாதாரண உரிமையில ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல எழுத முடியாது. அப்போ ஆயிரக்கணக்கான பழைய சாஃப்ட்வேர் எல்லாம் உடைஞ்சு போயிருமே? அதுக்கு ஒரு தற்காலிக வழி பண்ணினாங்க. 32-பிட் அப்ளிகேஷன், மேனிஃபெஸ்ட்ல தனக்கு என்ன உரிமை வேணும்னு எதுவுமே சொல்லலைன்னா, அது பழைய காலத்து ஆளுன்னு விண்டோஸ் எடுத்துக்கும். அது ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல எழுதப் போனா தடுக்காது. சத்தமில்லாம அந்த யூசரோட ஃபோல்டருக்குள்ள, ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல் ஸ்டோர்னு ஒரு இடத்துல நகல் எடுத்து அதுல எழுத வைக்கும். அப்ளிகேஷனுக்கு இது தெரியாது. அசல் ஃபைல்ல எழுதினதாவே நினைச்சுக்கும்.

அண்ணாச்சிக்கு ஒரு நகல், அக்காவுக்கு ஒரு நகல், ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல அசல் ஒண்ணு. மூணு ஆக்சஸ் ஃபைல், மூணு விதமான கணக்கு. எர்ரர் மெசேஜ் ஒண்ணுகூட வரல.

நான் பண்ணின ரெண்டாவது தப்பு

அப்போ எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான். மேனிஃபெஸ்ட் எழுதி, அதுல "ரிக்வயர் அட்மினிஸ்ட்ரேட்டர்"னு போட்டேன். அட்மினா ஓடினா நேரா அசல் ஃபைல்ல எழுதும், நகல் பிரச்சினை தீர்ந்துச்சு. தீர்ந்துச்சுதான். ஆனா அண்ணாச்சியும் அக்காவும் சாதாரண யூசர். ஒவ்வொரு தடவை திறக்கவும் அட்மின் பாஸ்வேர்டு கேட்டுச்சு. முதலாளி ரெண்டு நாள் வந்து வந்து போட்டுப் பாத்தார். மூணாவது நாள் பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டுல மானிட்டர்ல ஒட்டியிருந்துச்சு. அடுத்த வாரம் ரெண்டு பேரையும் அட்மினாவே ஆக்கிட்டாங்க.

இன்னும் சில தொல்லை. சர்வர்ல இருந்த இசட் டிரைவ் அந்த அப்ளிகேஷனுக்குள்ள மட்டும் காணாமப் போச்சு, ஏன்னா சாதாரண உரிமையில இணைச்ச நெட்வொர்க் டிரைவ், அட்மின் உரிமையில ஓடுற ஆப்புக்கு வழக்கமா தெரியாது. ஃபோல்டர்ல இருந்து ஃபைலை இழுத்துப் போடறதும் வேலை செய்யல, கீழ் உரிமையில ஓடுற விண்டோ மேல் உரிமையில ஓடுற விண்டோவுக்கு எதையும் அனுப்பக் கூடாதுன்னு விண்டோஸ் தடுக்குது.

ஆனா பெரிய ஆபத்து அந்தத் துண்டுச் சீட்டுதான். ஒரு பேக்கிங் லிஸ்ட் சாஃப்ட்வேருக்காக, அந்த ஆபீஸ்ல வர்ற ஒவ்வொரு மெயில் அட்டாச்மென்ட்டும் முழு அதிகாரத்துக்கு ஒரே ஒரு "யெஸ்" தூரத்துல நின்னுச்சு.

இது சும்மா பயமுறுத்தல் இல்ல. 2017 ஜூன் 27. உக்ரைன்ல நிறைய கம்பெனிகள் வரிக் கணக்குக்குப் பயன்படுத்தின எம்.இ.டாக் சாஃப்ட்வேரோட அப்டேட் வழியா நாட்பெட்யாங்கிற மால்வேர் பரவுச்சு. அது விண்டோஸ்ல இருந்த ஒரு ஓட்டையைப் பயன்படுத்திச்சு. கூடவே கம்ப்யூட்டரோட மெமரியில இருந்த லாகின் விவரங்களைத் திருடி, அதை வச்சே அடுத்தடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவுச்சு. அப்படித் திருடுறதுக்கு அட்மின் உரிமை வேணும். மெர்ஸ்க் கம்பெனியோட டெர்மினல்கள் உலகம் முழுக்கத் தடுமாறுச்சு. நம்ம நாட்டுல நவி மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்துல இருக்கிற அவங்க டெர்மினலும் மாட்டுச்சு. 20 கோடியில இருந்து 30 கோடி டாலர் வரை நஷ்டம்னு மெர்ஸ்க் கணக்கு சொன்னாங்க.

மூணு விதமாச் சொல்லலாம்

மேனிஃபெஸ்ட்ங்கிறது ஒரு சின்ன எக்ஸ்எம்எல். எக்ஸி ஃபைலுக்குள்ளயே இருக்கும். அதுல "ரிக்வெஸ்டட் எக்சிக்யூஷன் லெவல்"னு ஒரு வரி. அதுக்கு மூணு மதிப்பு:

அஸ் இன்வோக்கர்: என்னை யார் திறக்கிறாங்களோ அவங்க உரிமையே எனக்குப் போதும். பெட்டி வராது. பெரும்பாலான ஆப்புக்கு இதுதான் சரி.

ஹையஸ்ட் அவைலபிள்: திறக்கிறவர் அட்மின்னா முழு உரிமை கேப்பேன், சாதாரண யூசர்னா இருக்கிறதை வச்சு ஓடுவேன். ரெண்டு விதமான ஆளுக்கும் உருப்படியான வேலை இருக்கிற சிஸ்டம் டூல்களுக்கு இது.

ரிக்வயர் அட்மினிஸ்ட்ரேட்டர்: முழு உரிமை இல்லாம நான் ஓடவே மாட்டேன். இன்ஸ்டாலர், டிரைவர் போடுற டூல் மாதிரி ஆட்களுக்கு.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. மூணுல எதைப் போட்டாலும், அந்த விர்ச்சுவல் ஸ்டோர் உதவி நின்னுடும். வாய் திறந்து சொல்லிட்ட ஆப்பை, விவரம் தெரிஞ்ச ஆப்புன்னு விண்டோஸ் நடத்தும். அதனால அஸ் இன்வோக்கர் போட்டுட்டு ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல எழுதப் போனா, அனுமதி இல்லைன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி எர்ரர் வரும். வரட்டும். எனக்கு முதல் நாளே அந்த எர்ரர் வந்திருந்தா, அந்தக் கன்டெய்னர் கப்பல் ஏறியிருக்கும்.

கடைசியில என்ன பண்ணினேன்

எதுக்கு அட்மின் கேக்கிறோம்னு உக்காந்து பட்டியல் போட்டேன். ரெண்டே ரெண்டு விஷயம்தான் இருந்துச்சு. ஒண்ணு, டேட்டா ஃபைல் தப்பான இடத்துல இருக்கு. இன்னொண்ணு, அப்டேட் வரும்போது எக்ஸி ஃபைலை மாத்தணும்.

டேட்டாவை ப்ரோகிராம் டேட்டா ஃபோல்டருக்கு மாத்தினேன். எல்லா யூசரும் பகிர்ந்துக்கிற டேட்டாவுக்கான இடம் அதுதான். அந்த ஒரு ஃபோல்டர்ல மட்டும் ரெண்டு பேருக்கும் எழுதுற அனுமதியை இன்ஸ்டால் பண்ணும்போதே கொடுத்துட்டேன். அப்டேட்டரைத் தனி எக்ஸியாப் பிரிச்சு, அதுக்கு மட்டும் ரிக்வயர் அட்மினிஸ்ட்ரேட்டர் போட்டேன். மெயின் அப்ளிகேஷனுக்கு அஸ் இன்வோக்கர். அப்புறம் ஒரு ராத்திரி அக்காவோட உக்காந்து, மூணு ஃபைலையும் வரி வரியா ஒப்பிட்டு ஒண்ணாக்கினோம். அண்ணாச்சி வீட்டுல இருந்து டீயும் மக்ரூனும் வந்துச்சு. மறுநாள் ரெண்டு பேரோட லாகினும் சாதாரண யூசரா மாறுச்சு. அட்மின் பாஸ்வேர்டையும் மாத்திட்டு, சீட்டைக் கிழிச்சேன்.

ஒண்ணு நேர்மையா சொல்லிடறேன். அஸ் இன்வோக்கர் போட்டா வைரஸே வராதுன்னு இல்ல. உங்க சொந்த ஃபைல்களை அழிக்க அட்மின் உரிமை தேவையில்ல. ஆனா ஒரு லாகின்ல பத்தின தீ, கம்ப்யூட்டர் முழுக்கவும் ஆபீஸ் முழுக்கவும் பரவுறது கஷ்டமாகும்.

நீங்க செய்ய வேண்டியது

டெவலப்பரா இருந்தா, உங்க ஆப்பை ஒரு சாதாரண யூசர் அக்கவுண்ட்ல ஓட்டிப் பாருங்க. உங்க லேப்டாப்ல நீங்க அட்மின், அதனால "எனக்கு ஓடுதே"ங்கிறது சாட்சி ஆகாது. விஷுவல் ஸ்டூடியோவுல அப்ளிகேஷன் மேனிஃபெஸ்ட் ஃபைலைச் சேர்த்தா அந்த வரி தயாரா இருக்கும், அதை மாத்துறதுக்கு முன்னாடி ஏன்னு ஒரு காரணம் எழுதி வைங்க. ஆப்புக்கு டிஜிட்டல் கையெழுத்தும் போடுங்க. அப்போதான் அந்தப் பெட்டியில "தெரியாத பப்ளிஷர்"னு வராம உங்க பேரு வரும்.

டெவலப்பர் இல்லையா? எக்ஸி ஐகான் மேல சின்னக் கேடயம் இருக்கான்னு பாருங்க. இருந்தா அது அட்மின் கேக்கப் போகுதுன்னு அர்த்தம். இன்ஸ்டாலர்ல இருந்தா சரி. தினமும் திறக்கிற பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்தா, வித்தவர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "எதுக்கு?" அதுக்கு அவர்கிட்ட பதில் இல்லைன்னா, காரணம் என்னை மாதிரி ஒரு ஆளோட சோம்பேறித்தனமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். அதுவரைக்கும், அந்தப் பெட்டி வந்தா ஒரு தடவையாவது படிச்சுட்டு யெஸ் கொடுங்க.