கோபுரம் மௌனித்தால் கைக்குக் கை போகும் செய்தி



ஒரு கலியாண வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அடுப்படி வளவின் ஒரு மூலையில், ஆண்கள் சாப்பிடும் பந்தல் மறு மூலையில். “நாலாவது சஹனுக்குக் கறி காணாதாம்” என்ற செய்தி அடுப்படிக்கு எப்படி வந்து சேர்கிறது? பந்தலில் பரிமாறும் மருமகன் திண்ணையில் நிற்கும் பையனிடம் சொல்கிறான். அவன் உள்ளே ஓடுகிற சின்னவளிடம் சொல்கிறான். அவள் சாச்சியின் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சொல்லி விடுகிறாள். மருமகனின் குரல் அடுப்படி வரை கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. இடையில் ஆட்கள் நின்றார்கள், அது போதும்.

இணையமும் ‘சிம்’ அட்டையும் இல்லாமல் ஒரு கையடக்கத் தொலைபேசியில் இருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் முறை இதுவேதான். இதைப் பற்றி ஏன் நமது குடும்பப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து போன நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். மலைநாட்டில் பல ஊர்களில் மின்சாரமும் போய், தொலைபேசித் தொடர்பும் அறுந்து, மண்சரிவுக்கு அப்பால் இருக்கும் உம்மா உயிரோடு இருக்கிறாரா என்று அறிய முடியாமல் தவித்த பிள்ளைகள் எத்தனை பேர்! கையில் போன் இருந்தது. அது வெறும் டோர்ச் லைட்டாகத்தான் உதவியது.

ஏன் அப்படி? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராத்தாவுக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் “தேங்காய் ஒன்று தாங்க” என்று எழுதினாலும், அந்தச் செய்தி நேரே சுவரைத் தாண்டிப் போவதில்லை. முதலில் கோபுரத்துக்கு ஏறுகிறது. அங்கிருந்து நிறுவனத்தின் நிலையத்துக்கு, பிறகு கடலடிக் கம்பி வழியாக எங்கோ வெளிநாட்டுக் கணனிக்குப் போய்த் திரும்பி வந்துதான் ராத்தாவின் போனில் ‘டிங்’ என்கிறது. வழியில் ஓரிடம் அறுந்தாலும் தேங்காய் வராது!

ஆனால் எல்லாப் போனுக்குள்ளும் கோபுரத்தை நம்பாத இன்னொரு சின்ன வானொலி இருக்கிறது. அதுதான் புளூடூத். பிள்ளைகள் காதில் செருகும் கருவிக்குப் பாட்டு அனுப்புவது அதுவே. 1994ல் சுவீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனத்தில் ஜாப் ஹார்ட்சன் என்ற ஒல்லாந்துப் பொறியியலாளர் இந்த வேலையைத் தொடங்கினார். கருவிகளுக்கிடையே வயர் இழுக்கும் தொல்லையை ஒழிப்பதே அன்றைய நோக்கம். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசருக்கு ‘நீலப்பல்லர்’ என்று ஒரு பட்டப்பெயர். பிரிந்து கிடந்தோரை ஒன்றாக்கியவர் என்பதால், 1997ல் இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கார்டக் அந்தப் பெயரைத் தற்காலிகமாகச் சொல்லி வைத்தார். வேறு நல்ல பெயர் கிடைக்கும் வரைக்கும் என்றுதான் சொன்னார். அதுவே நிலைத்து விட்டது. போனில் காணும் அந்த நீல அடையாளம், அவருடைய பெயரின் இரு முதலெழுத்துகளைப் பழைய வடநாட்டு எழுத்தில் பின்னியதாகும்.

இதன் எட்டம் குறைவு. வீட்டுக்குள் பத்து மீற்றர் என்று வைத்துக் கொள்ளலாம். வெளியில் மறைப்பில்லாமல் இருந்தால் முப்பது மீற்றரும் போகும். கொங்கிரீட் சுவர் அதைக் குறைக்கும். மனித உடம்பும் குறைக்கும், ஏனெனில் உடம்பில் பெரும்பகுதி நீர்.

பத்து மீற்றர் என்பது அடுப்படியில் இருந்து கேற் வரைதானே, இதை வைத்து என்ன செய்வது? இங்கேதான் கலியாண வீட்டுப் பையன்கள் வருகிறார்கள். ஒரு செயலியை ஊரில் பலர் தத்தமது போனில் போட்டு வைத்திருந்தால், ஒவ்வொரு போனும் மற்றவர்களின் செய்தியை வாங்கி அடுத்த போனுக்குக் கொடுக்கும். இப்படிக் கைமாறிக் கைமாறித் தெருக்கோடி வரை போகும். சில செயலிகளில், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் போன் அதை மனதில் வைத்துக் கொண்டு, ஆள் சந்திக்கும்போது ஒப்படைக்கும்.

2014 மார்ச்சில் வெளிவந்த ‘ஃபயர்சாட்’ என்ற செயலி இதைப் பிரபலமாக்கியது. அதே ஆண்டு ஜூனில் ஈராக்கில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டபோது அங்குள்ளோர் அதைத் தேடினார்கள். செப்டம்பரில் ஹொங்கொங் மாணவர்கள் வீதியில் அமர்ந்தபோது, இணையம் வெட்டப்படும் என்ற பயத்தில் ஒரு நாளைக்குள் சுமார் ஒரு இலட்சம் பேர் அதை இறக்கினார்கள். ஆனால் அதில் எழுதியது எல்லாம் சந்தையில் நின்று சத்தம் போட்டது போலத்தான். மாணவர் படிப்பதைப் பொலிசாரும் படிக்கலாம். யாரும் எந்தப் பெயரிலும் எழுதலாம். பின்னர் தனிச் செய்திக்குப் பூட்டுப் போட்டார்கள். இன்று அந்தச் செயலியே இல்லை.

பூட்டு என்ற இந்த விடயத்தைச் சற்று நின்று பாருங்கள். சின்னவளிடம் வாய்ச்செய்தி சொல்லி விட்டால் வழியில் எல்லோரும் அறிவார்கள். ஒட்டிய கடிதமாகக் கொடுத்தால் சாச்சி மட்டுமே திறப்பாள். செயலியிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்வது இலகுவல்ல. மெக்சிகோவைச் சேர்ந்த ‘பிரிட்ஜ்ஃபை’ என்ற செயலி 2019ல் ஹொங்கொங்கில் பெரிதும் பாவிக்கப்பட்டது. 2020 ஓகஸ்ட்டில் லண்டன் றோயல் ஹொலோவே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். யார் யாருக்கு எழுதுகிறார் என்று கண்டுபிடிக்க முடிந்தது. கடிதத்தைத் திறந்து படிக்கவும் முடிந்தது. வேண்டுமென்றே கெடுத்து எழுதிய ஒரேயொரு செய்தியால் முழு வலையமைப்பையும் முடக்கவும் முடிந்தது! நிறுவனம் அவ்வாண்டே பூட்டை மாற்றியது. 2021 பெப்ரவரி முதலாம் திகதி மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பறித்ததும், சில மணி நேரத்தில் ஆறு இலட்சம் தடவைக்கு மேல் அது இறக்கப்பட்டது. 2022ல் ஆய்வாளர்கள் மீண்டும் பரிசோதித்து, புதிய பூட்டிலும் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள்.

‘பிரையர்’ என்று ஒன்றுண்டு. இரு பெண்கள் நேரில் சந்தித்து, ஒருவர் போனை மற்றவரின் போனுக்குக் காட்டி அறிமுகமான பின் எழுதிக் கொள்ளலாம். பூட்டு நல்லது. ஆனால் தனிச் செய்தி அந்நியர் போன்கள் வழியே தாவிப் போகாது, எட்டம் சிறிது. டுவிட்டரைத் தொடங்கியோரில் ஒருவரான ஜாக் டோர்சி 2025 ஜூலையில் வெளியிட்ட ‘பிட்சாட்’ ஏழு போன்கள் வரை தாவும். அதே செப்டம்பரில் நேபாள அரசு சமூக ஊடகங்களைத் தடுத்தபோது அங்கே அதற்குக் கிராக்கி ஏறியது. வெளியார் பாதுகாப்புப் பரிசோதனை இன்னும் நடக்கவில்லை என்று வெளியிட்ட பின்னர் டோர்சியே எழுதி வைத்தார். இதை நாம் கவனிக்க வேண்டும். வெள்ளத்தில் “நாங்கள் பாடசாலை மாடியில் இருக்கிறோம்” என்று சொல்ல இவை தாராளமாகப் போதும். குடும்ப இரகசியம், வங்கி இலக்கம், பிள்ளைகளின் படம் அனுப்ப நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் நம் நாட்டில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் கணவரின் குரல் கேட்காமல் எத்தனையோ சகோதரிகள் அழுதார்கள். அந்தக் கவலையை இந்தச் செயலிகள் தீர்க்காது. போனில் இருந்து போனுக்குத் தாவிக் கடலைக் கடக்க முடியாது. இது பக்கத்து வீட்டுக்கும், தெருவுக்கும், ஒரு முகாமுக்கும் உரிய வழி.

அதே 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்தில் கருத்தடை மருந்து கலந்த உணவு என்று பரவிய பொய்யையும் நினைத்துப் பாருங்கள். அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னார். சொல்வதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டு விட்டன. கைக்குக் கை போகும் செய்தியை நடுவில் நின்று நிறுத்த யாரும் இல்லை. அரசாங்கம் நிறுத்த முடியாது என்பது அதன் பலம். பொய்யையும் நிறுத்த முடியாது என்பது அதே பலத்தின் மறுபக்கம். தெரியாதவர் பெயரில் வருவதை உங்கள் போனில் இருந்து நீங்களாக மறுபடி எழுதி அனுப்பாதிருப்பது மட்டுமே நமது கையில் உள்ள பிரேக்.

பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு விடயம். புளூடூத்தைக் கொண்டு படம் பரிமாறும் வசதிகள் ஐபோனில் ‘எயார்ட்ரொப்’ என்றும், மற்றவற்றில் ‘குயிக் ஷேர்’ என்றும் இருக்கின்றன. ரயிலிலும் பஸ்ஸிலும் அறியாத ஆண் ஒருவன் பக்கத்தில் இருக்கும் பெண்ணின் போனுக்கு ஆபாசப் படம் தள்ளி விடும் அசிங்கம் இதன் வழியே நடந்தது. 2015ல் லண்டன் ரயிலில் ஒரு பெண் முறைப்பாடு செய்து, பொலிசார் விசாரித்தனர். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் இது தனிக் குற்றம். அப்பிள் நிறுவனம் 2022 டிசம்பரில், ‘எல்லோரிடமிருந்தும் வாங்குவேன்’ என்ற தெரிவு பத்து நிமிடத்தில் தானே மூடும்படி செய்தது. உங்கள் மகளின் போனை இன்றிரவே வாங்கிப் பார்த்து, ‘தெரிந்தவர்கள் மட்டும்’ என்று மாற்றி விடுங்கள். போனின் பெயர் அவளது சொந்தப் பெயராக இருந்தால் அதையும் மாற்றுங்கள். பக்கத்து ஆசனத்தில் இருப்பவனுக்கு அந்தப் பெயர் தெரியும்.

ஆசைப்படுபவர்கள் ஒரு முறை பரீட்சித்துப் பார்க்கலாம். புயல் வந்த பிறகு செயலியை இறக்க முடியாது, ஏனெனில் இறக்குவதற்கே இணையம் வேண்டும். ஆகவே இப்போதே நீங்களும், பக்கத்து வீட்டு மாமியும், தெருமுனை மச்சியும் ஒரே செயலியைப் போட்டுக் கொள்ளுங்கள். ஊரில் நீங்கள் ஒருவர் மட்டும் வைத்திருந்தால் அது வெறும் அலங்காரம். பிறகு எல்லாப் போனையும் விமான நிலைக்கு மாற்றி, புளூடூத்தை மட்டும் திரும்பப் போடுங்கள். ஒரு மகனை மாடியிலும், இன்னொருவனை மாமியின் வீட்டு வாசலிலும் நிறுத்தி, “தேங்காய் ஒன்று தாங்க” என்று அனுப்பிப் பாருங்கள். எத்தனை சுவர் தாண்டுகிறது என்று எண்ணுங்கள். நடுவில் நிற்கும் மகனை அகற்றி விட்டு மறுபடி அனுப்பிப் பாருங்கள். அந்த நேரம் மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் போட்டு விடாதீர்கள்; அதுவும் இதே அலைவரிசையில்தான் சோறு சூடாக்குகிறது.