புரொஜெக்டர் எதை நினைவில் வைத்திருக்கிறது?

கொடைக்கானல் மலைக்குச் செல்வோர் ரயிலை விட்டு இறங்கும் ஊர் கொடைரோடு. அவ்வூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் வெண்திரை கட்டி, புரொஜெக்டர் ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். பகலில் ஜன்னல் வழியே வெயில் வெளிச்சம் வருகிறது. வீட்டார் கிரிக்கெட் ஆட்டம் பார்க்கிறார்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் திரைப்படம் பார்க்கிறார்கள். பகலுக்கு ஏற்ற அமைப்பு இரவில் கண்ணைக் கூசச் செய்கிறது. இரவுக்கு ஏற்ற அமைப்போ பகலில் வெளிறிப்போகிறது.

இதற்காகவே புரொஜெக்டரில் நினைவு வசதி உண்டு. பகல் அமைப்பை ஓர் எண்ணிலும், இரவு அமைப்பை மற்றோர் எண்ணிலும் சேமித்து வைக்கலாம். வேண்டும்போது ஒரு பொத்தானை அழுத்தி மீட்கலாம். மின்சாரம் நின்று மறுநாள் வந்தாலும் கருவி மறப்பதில்லை. அப்படியானால், அது எதை நினைவில் வைத்திருக்கிறது? படத்தையா?

ஆப்பரேட்டரின் கை

திண்டுக்கல் சமவெளியின் சிற்றூர்களில் டூரிங் டாக்கீஸ் கொட்டகைகள் இருந்த காலத்தில், இந்த நினைவு முழுவதும் ஆப்பரேட்டரின் கையிலும் கண்ணிலும் இருந்தது. இரு கார்பன் குச்சிகளுக்கிடையே எழும் மின்வில்லே அன்றைய விளக்கு. குச்சிகள் எரிந்து தேயத் தேய, இடைவெளியைச் சரிசெய்தால்தான் ஒளி சீராக இருக்கும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வெளிவந்தது. அத்தகைய படங்களுக்குத் தனி லென்ஸ் பொருத்தி, திரையின் அகலத்தையும் மாற்றவேண்டும். ஆப்பரேட்டர் திரையைப் பார்த்தார், பார்த்ததற்கேற்பத் திருத்தினார். இது முக்கியமான செய்தி. பின்னால் இதற்கு மீண்டும் வருவோம்.

எண்களின் பட்டியல்

இன்றைய புரொஜெக்டரில் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எண்களால் ஆனது. மூன்று புள்ளிகளின் ஒளி அளவு 20, 100, 200 என்று வைத்துக்கொள்வோம். ‘பிரைட்னஸ்’ அளவைக் கூட்டினால் எல்லாவற்றோடும் ஒரே எண் கூடுகிறது: 30, 110, 210. ‘கான்ட்ராஸ்ட்’ அளவைக் கூட்டினால் எல்லாம் ஒரே எண்ணால் பெருக்கப்படுகின்றன: 22, 110, 220. முதலாவதில் இருண்ட பகுதி சாம்பல் நிறமாகிறது. இரண்டாவதில் ஒளிமிக்க பகுதியே அதிகம் உயர்கிறது.

இவ்வாறே நிறச்செறிவு, கூர்மை, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஓர் அமைப்புக்கு 20 எண்கள், ஓர் எண்ணுக்கு ஒரு பைட் என்று கொண்டால், பத்து அமைப்புகளுக்கு 200 பைட் போதும். ஆனால் 1920 × 1080 புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு படத்துக்கு, புள்ளிக்கு 3 பைட் வீதம் 62,20,800 பைட் தேவை! கருவி சேமிப்பது படத்தை அன்று, எண்களை மட்டுமே. திண்டுக்கல் பூட்டின் சாவியை எண்ணிப் பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் பற்றிச் சாவிக்கு ஒன்றும் தெரியாது. அதில் இருப்பவை வெட்டுகளின் அளவுகள் மட்டுமே.

மின்சாரம் போனாலும் மறக்காதது எப்படி?

நாம் அளவுகளை மாற்றும்போது அவை முதலில் தற்காலிக நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை அழிந்துவிடும். சேமிக்கும்போது எண்கள் நிலையான நினைவகத்துக்குப் படியெடுக்கப்படுகின்றன. அங்குள்ள ஒவ்வொரு டிரான்ஸிஸ்டருக்குள்ளும், நாற்புறமும் மின்கடத்தாப் பொருள் சூழ்ந்த மிகச் சிறிய தீவு ஒன்று உண்டு. இதனை ‘மிதக்கும் வாயில்’ என்பர். 1967இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் சே என்னும் இருவர் இக்கருத்தை வெளியிட்டனர்.

உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் மெல்லிய சுவரைக் கடந்து தீவுக்குள் புகுகின்றன. அழுத்தம் நின்றதும் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடுகின்றன, ஆண்டுக்கணக்கில் தங்கும். தீவில் எலெக்ட்ரான்கள் இருந்தால் ஒரு குறி, இல்லையேல் மற்றொரு குறி. 0, 1 என்னும் அக்குறிகளைக் கொண்டே நம் எண்கள் எழுதப்படுகின்றன.

லென்ஸுக்கும் நினைவு

சில புரொஜெக்டர்களில் லென்ஸை மோட்டார்கள் நகர்த்துகின்றன. அவற்றின் நிலைகளும் எண்களாகவே சேமிக்கப்படுகின்றன. உயரத்தைப்போல் 2.39 மடங்கு அகலமுள்ள சினிமாஸ்கோப் படத்தை 1920 × 1080 புள்ளிகளில் காட்டினால், 803 வரிகளில் மட்டுமே படம் இருக்கும். மீதி கறுப்புப் பட்டைகள். திரை அகலமானதாக இருந்தால், லென்ஸ் மூலம் படத்தை 1.34 மடங்கு பெரிதாக்கித் திரையை நிரப்பலாம். ஆனால் அதே ஒளி ஏறத்தாழ 1.8 மடங்கு பரப்பில் பரவுகிறது. ஆகவே திரையின் பொலிவு 56 விழுக்காடாகக் குறைகிறது. இத்தகைய படங்களுக்கு லென்ஸ் நிலையோடு ஒளி அமைப்பையும் தனியே சேமிப்பது இதனால்தான்.

எண் மாறாது, படம் மாறும்

இப்பொழுது ஆப்பரேட்டரிடம் திரும்புவோம். அவர் திரையைப் பார்த்துத் திருத்தினார். புரொஜெக்டரோ திரையைப் பார்ப்பதில்லை; எண்களை மட்டும் திருப்பித் தருகிறது. பாதரச விளக்கு எரிய எரிய மங்கும். அதன் ஒளி பாதியாகக் குறையும் வரையுள்ள நேரத்தையே பொதுவாக விளக்கின் ஆயுள் என்று குறிப்பர். ஈராண்டுக்கு முன் சேமித்த எண்கள் அப்படியே இருக்கும். படம் மட்டும் மங்கியிருக்கும். ‘நினைவு கெட்டுவிட்டது’ என்று வீட்டார் கருவியைக் குறை கூறுவர். நினைவு கெடவில்லை, விளக்குத்தான் மாறிவிட்டது. சுவருக்கு வேறு வண்ணம் பூசினாலும், ஜன்னல் திரையை எடுத்துவிட்டாலும் இதே கதைதான்.

உங்கள் பள்ளியில் புரொஜெக்டர் இருந்தால், ஆசிரியர் துணையோடு ஒன்று செய்யுங்கள். நல்ல அமைப்பின் எண்களைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பினால் பல கருவிகளில் சேமித்தவை அழிந்துவிடும். அப்போது இந்த நோட்டு உதவும். மூன்று மாதம் கழித்து அதே எண்களை மீட்டு, அதே படத்தை, அதே வெளிச்சத்தில் பாருங்கள். எண்களைக் கருவி காத்துக்கொள்ளும். படம் சரியாக இருக்கிறதா என்பதை உங்கள் கண்தான் சொல்லவேண்டும்.